இரண்டாவது கப்

"ஐயையோ, இன்னொரு கப்பும் ஊத்துதே!"

பட்டனை அழுத்தினால் மணி அடித்து ஒரே ஒரு கப் டீ ஊற்ற வேண்டிய மிஷின் அது. அதற்கு புரோகிராம் எழுதியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்று மணிக்கு மிஷினை வாங்குகிறவர் வருகிறார். "அவர் முன்னாடி ரெண்டு கப் ஊத்திச்சுன்னா, நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்" என்று மேனேஜர் சொல்லியாயிற்று.

பக்கத்து சீட்டுப் பெண் திரையை எட்டிப் பார்த்தாள். நீளமான கட்டளைக்குச் சுருக்கப் பெயர் வைக்கும் மேக்ரோ ஒன்று அதில் தெரிந்தது.

"இது என்ன சார் மேக்ரோ, ஒத்தை எழுத்துல பேரு?"

"ரெண்டு அளவுல எது பெருசுன்னு பாக்கறது. நீளமா எழுதச் சோம்பல், சுருக்கி வெச்சேன்."

"அதுக்குள்ள போய் 'ஊற்று'ன்னு குடுத்திருக்கீங்களே! மேக்ரோ குடுத்ததை ரெண்டு இடத்துலயும் அப்படியே ஒட்டிடும். ஒப்பிடறப்ப ஒரு கப், விடை சொல்றப்ப ஒரு கப். முதல்ல ஒரு தடவை ஊத்தி அளவை வெச்சுக்கிட்டு, அப்புறம் ஒப்பிடுங்க. பேரையும் புரியற மாதிரி வைங்க."

அப்படியே மாற்றினார். அதற்குள் மிஷினைக் காட்சி அறையின் பலகைத் தடுப்பில் பதித்துவிட்டார்கள். ஓடிப்போய் அழுத்தினார். மணி அடித்தது.

இரண்டு கப்!

டீ தரையில் வழிந்தது. தரை துடைக்கும் அக்காவைத் தேடினால் ஆளையே காணோம். தானே துடைத்தார்.

கணக்கு வரிசை குழம்புகிறதோ என்று மேக்ரோ முழுக்க அடைப்புக்குறி போட்டார். இரண்டு கப். அளவைப் பாதியாக்க இன்னொரு மேக்ரோ எழுதினார். ஒன்றரை கப்.

"பாதின்னு சொன்னா ஒன்றரையா? எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போகுது!"

மூன்று அடிக்க ஐந்து நிமிடம். ஊற்றும் வரியையே அழித்தார். ஒன்றும் ஊற்றாவிட்டால் ரிப்பேர் என்று சமாளித்துவிடலாம்.

வாங்க வந்தவர் பட்டனை அழுத்தினார். மணி அடித்தது. ஒரு கப், நிறைய.

"பிரமாதம்!" என்று கை தட்டினார் அவர். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். புரோகிராம் எழுதியவரோ குனிந்து மிஷினுக்கு அடியில் பார்த்தார். ஊற்றச் சொல்லாத மிஷின் ஊற்றுகிறதே!

அப்போது தடுப்புக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"மேனேஜர் சார், அவர் புரோகிராமை நம்ப முடியாது, மணி அடிச்சா பின்னாடியிருந்து நீ ஒரு கப் ஊத்திடுன்னீங்களே, கெட்டில் காலி சார்!"