முறைப்படி ஏமாறுகிறவர்

ஏமாறுகிறவர்களில் பேராசைக்காரர் உண்டு, பயந்தாங்கொள்ளி உண்டு, தூக்கக் கலக்கத்தில் ‘சரி’ என்று சொல்லிவிட்டு அப்புறம் விழித்துக்கொள்கிறவர் உண்டு. இவர்களெல்லாம் சில்லறை. நான் சொல்ல வந்தது உயர்ந்த ரகம்: முறைப்படி ஏமாறுகிறவர். இவரை ஏமாற்றுவது கடினம் என்று நினைப்பீர்கள். ரொம்பச் சுலபம். ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டுச் சொன்னால் போதும், நாலாவது நம்பரில் வீட்டுச் சாவியைக் கேட்டாலும் கொடுத்துவிடுவார்.

பென்னலூர் நாகப்பனைப் பாருங்கள். ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம். இப்போது லைன் சூப்பர்வைசர். ஷிப்ட் முடிந்தால் மற்றவர்கள் கம்பெனியைக் கேட்டிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள். இவர் கையோடு வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார். செருப்பு விடும் இடத்தைச் சுற்றி மஞ்சள் பெயின்ட் கோடு. தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு செக் ஷீட்: போட்ட நேரம், அணைத்த நேரம், கையெழுத்து. மனைவி எழிலரசி மாசம் ஒன்றாம் தேதியே முப்பது நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பாள். அந்த வீட்டில் ‘அடுத்த ஸ்டெப் இன்னா’ என்று கேட்கலாம். ‘ஏன்’ என்று மட்டும் கேட்கக் கூடாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மகள் கவியா இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கான கல்லூரிப் பட்டியலை மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்தாக வேண்டும். தவறினால் ஒரு வருஷப் படிப்பு போச்சு. பட்டியல் வெள்ளிக்கிழமையே தயார். “ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் முடியாம எதுவும் வெளிய போவக் கூடாது” என்று அப்பாதான் நிறுத்தி வைத்திருந்தார். நாலு மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன் ஆரம்பமானது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, போன வருஷக் கட் ஆஃப் பார்க்கிறேன் என்று ஏதோ ஒரு பெயர் தெரியாத தளத்தைத் தட்டினார். திரை முழுக்கச் சிவப்பு. காதைக் கிழிக்கிற சைரன். ‘உங்கள் கணினி பூட்டப்பட்டது. அணைக்க வேண்டாம். உடனே இந்த எண்ணை அழைக்கவும்.’

வேறு யாராக இருந்தாலும் பதறியிருப்பார்கள். நாகப்பன் முகத்திலோ ஒரு தெளிவு. சிவப்பு விளக்கு, சத்தம், பக்கத்திலேயே கூப்பிட வேண்டிய நம்பர்: பத்தொன்பது வருஷமாகத் தினமும் பார்க்கிற காட்சி அல்லவா? மிஷினைத் தொடாதே, மெயின்டனன்ஸைக் கூப்பிடு, அவர்கள் சொன்னதைச் செய்.

“பரவால்லியே, வூட்டு கம்ப்யூட்டருக்கும் சிஸ்டம் வந்துட்ச்சி” என்றபடி நம்பரைப் போட்டார்.

முதல் ரிங்கிலேயே எடுத்தார்கள். சீனியர் இன்ஜினியர் ஜோயல் பேசுவதாகச் சொன்னது குரல். நாகப்பன் லேசில் விடுகிற ஆளா? எம்ப்ளாயி நம்பர் கேட்டார், புகார் எண் கேட்டார், எந்த ஷிப்ட் என்று கேட்டார். ஜோயல் மூன்றுக்கும் மூச்சு விடாமல் பதில் சொன்னான். அத்தனையையும் நோட்டில் எழுதிக்கொண்டு, ஆள் சரியான ஆள்தான் என்று முடிவு கட்டினார். அவன் சொன்ன செயலியை இறக்கினார். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது.

“யாருங்க அவுரு? நம்மளுது கெட்டுப்போச்சின்னு அவுருக்கு இன்னா தெரியும்?” என்று கேட்டாள் எழிலரசி.

“அது அவங்க டிபார்ட்மென்ட்.”

“பிளக்கப் புடுங்கினா நின்னுடும்ல?”

“தா, கை வெக்காத. பிரேக்டவுன்ல பவர் ஆஃப் பண்ணவே கூடாது. எங்க கம்பெனி போர்டுலயே எழுதிகீது.”

எழுதியது யார் என்று இந்த இனம் ஒருநாளும் கேட்காது. எழுதியிருக்கிறதே, போதாதா?

மணி நாலு நாற்பது. கவியா தன் போனிலேயே பட்டியலைத் திறந்து உறுதி செய்யப் பார்த்தாள். அதற்கான ஓடிபி அப்பாவின் போனுக்குத்தான் வரும். அந்த போனோ ஜோயலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“அப்பா, போனைக் குடுப்பா. ஒரே நிமிஷம்.” அவள் கையை நீட்டினாள்.

“இன்ஜினியர் லைன்ல கீறாரும்மா. நடுவுல கட் பண்ணா மொதல்லேர்ந்து வரணும்.”

ஜோயல் அடுத்து, சரிபார்ப்பதற்காக என்று சொல்லி, வங்கி அட்டையின் நம்பரைக் கேட்டான். அது ஏழாவது ஸ்டெப். ஆறு ஸ்டெப் ஒழுங்காகச் செய்தவர் ஏழாவதில் நிற்பாரா? போனைக் காதில் வைத்தபடியே உள்ளறைக்குப் போய் பீரோவைத் திறந்தார். எழிலரசிக்குப் பொறுமை போய்விட்டது. சுவரோரம் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். சைரன் நின்றது. கவியா ஓடிப்போய் அப்பாவின் காதிலிருந்து போனைப் பிடுங்கி, இணைப்பைத் துண்டித்து, ஓடிபியை வாங்கிப் போட்டாள். உறுதியானபோது மணி நாலு ஐம்பத்தெட்டு. கவியா தரையில் உட்கார்ந்து அழுதாள், பிறகு கம்ப்யூட்டரை மறுபடி போட்டு அந்தச் செயலியைத் தூக்கி எறிந்தாள்.

நாகப்பன் நோட்டைத் திறந்தார். ‘காரணம்: பயிற்சி இல்லாத ஆள் மின்சாரத்தைத் துண்டித்தது’ என்று எழுதி மனைவியிடம் கையெழுத்துக்கு நீட்டினார். அவள் பார்த்த பார்வையில் நோட்டை மூடிவிட்டார். அதோடு விட்டாரா? போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். புகார் எண்ணை முடித்துவைக்காமல் விட்டால் ஜோயலுக்கு மேலிடத்தில் கெட்ட பேர் வந்துவிடுமாம்.

“சார், சாரி சார். ஆப்ரேட்டர் மிஸ்டேக் ஆயிட்ச்சி” என்று அவர் சொல்வது கீழே வரை கேட்டது. நல்லவேளை, பீரோவிலிருந்த அட்டை அதற்குள் எழிலரசியின் இடுப்புச் சுருக்குப் பைக்குப் போயிருந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அடுத்த வரிக்குப் போகுமுன் சின்னதாக ஒரு வேலை: உங்கள் இடது காதை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள்.

தொட்டீர்களா? தொடாதவர்களும், கையைத் தூக்கிவிட்டு யாராவது பார்க்கிறார்களோ என்று இறக்கியவர்கள்தானே? போகட்டும். காதை எதற்குத் தொடச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.