மிராசுதார் குளத்தில் பூஞ்சை பிடித்தேன்

ஓர் ஊரையே அரிவாளும் தடியுமாக எதிரெதிரே நிறுத்தியவள் நான். காரணம், கண்ணுக்கே தெரியாத ஒரு பூஞ்சை.

கழக ஆட்சி நடந்த காலம். ஒரத்தநாட்டுப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் அறுவடைக் கூலியை உயர்த்தக் கேட்டு வேலைநிறுத்தம். அப்பா செங்கொடிச் சங்கத்தில் முன்வரிசை. நான் தஞ்சாவூரில் தாவரவியல் முதலாண்டு (எங்கள் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்ற கர்வம் வேறு). கைட்ரிட் என்ற நீர்ப்பூஞ்சையைப் பிடித்து வந்து அதன் உடலமைப்பை வரைந்து காட்டச் சொன்னார் பேராசிரியை.

துளையிட்ட பவுடர் டப்பாவில் பாம்புச் சட்டையைப் போட்டுத் தண்ணீரில் இறக்கினால், பூஞ்சை தேடி வந்து ஒட்டிக்கொள்ளும். மிராசுதார் குளத்தில் இறக்கினேன். இடம் மறந்துவிடுமே என்று ஒரு மூங்கிலை நட்டு, அம்மாவின் கிழிந்த புடவைத் துணியைக் கட்டினேன். சிவப்புத் துணி. (அந்த வருஷம் வயலோரம் சிவப்புத் துணி பறந்தால் என்ன அர்த்தம் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.)

வேலைநிறுத்தத்தால் மூன்று நாள் குளத்தின் அந்த வயலோர மூலைக்கு ஆளே வரவில்லை. நான்காம் நாள் காலை இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி டப்பாவை எடுத்து நிமிர்கிறேன், இந்தக் கரையில் மிராசுதாரும் தடியோடு அவருடைய ஆட்களும். அந்தக் கரையில் அரிவாளோடு எங்கள் தெரு மொத்தமும், முன்னால் அப்பா. பக்கத்தில் போலீஸ் வேன்.

"கொளத்தையே புடிச்சிட்டாங்கய்யா! கொடி நட்டிருக்காங்க!" என்று மிராசுதாரின் காரியக்காரர் அலறினார். எங்கள் தெருவோ, சங்கம் நட்ட கொடி என்று நினைத்து அதைக் காக்க வந்திருந்தது.

"யாரும்மா நட்டது?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"நாந்தாங்கய்யா."

அரிவாளை ஓங்கிய அப்பாவின் கை அப்படியே நின்றது.

"டப்பாவுல என்ன?"

"கைட்ரிடுங்கய்யா."

ஏதோ வெடிமருந்தின் பெயர் என்று நினைத்துப் போலீஸ்காரர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். பயத்தில் பாடப்புத்தகத்தை ஒப்பித்தேன்.

"பூஞ்சைங்க. ஒடம்பே ஒரே ஒரு உருண்டைதான். தலை, கை, கால் கெடையாது. அடியில வேர் மாதிரி நூலுங்க, அதால ஒட்டிக்கிட்டு உறிஞ்சும். வளந்ததும் அந்த உருண்டையே பையா மாறி வெடிக்குங்க..."

வேனுக்குப் பின்னால் இரண்டு தொப்பிகள் மறைந்தன. (திறக்கும் என்று சொல்லியிருக்க வேண்டும்.)

"...உள்ளேருந்து ஒத்தை வாலோட குட்டிக் குட்டி வித்தெல்லாம் நீந்தி வருங்க."

மிராசுதார் முகம் வெளுத்தது. "ஏம்மா, இந்தத் தண்ணியத்தானே நான் தெனம் குடிக்கிறேன்?"

"ஆமாங்கய்யா."

முதலில் சிரித்தது அப்பாதான். பிறகு இரண்டு கரையும் சிரித்தது. "ரெண்டு தரப்பும் வந்துட்டீங்க, உக்காந்து பேசுங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். ஒரு மாதமாக முகம் பார்க்காதவர்கள் மத்தியானத்துக்குள் கூலியை உயர்த்திக் கையெழுத்துப் போட்டார்கள்.

டப்பாவை ஸ்டேஷனுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். பேராசிரியை எனக்குப் போட்டது பூஜ்யம். இன்றும் எங்கள் வீட்டில் யாராவது பரீட்சையில் கோட்டைவிட்டால், திட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும்:

"சரி, ஊருக்கு எவ்வளவு கூலி ஏத்திக் குடுத்தே?"