திட்டியே ஓட்டு கேட்டவர்

ஓட்டு கேட்கப் போன இடத்தில் ஓட்டுப் போடுகிறவர்களையே திட்டிவிட்டு வந்த வேட்பாளர், இந்தப் பூமியிலேயே எங்கள் ‘அந்தக்காலம்’ ஒருவர்தான். வாயைத் திறந்தால் முதல் சொல்லே அதுதான் என்பதால் அந்தப் பெயர். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நஞ்சையும் பம்புசெட்டும் உள்ளவர். சாவதற்குள் ஊராட்சித் தலைவராகிவிட வேண்டும், ஊரைப் பழையபடி திருத்திவிட வேண்டும் என்பது அவர் ஆசை. தேர்தலில் நின்றார். பிரசார ஆட்டோவில் மைக் பிடிக்க நான்.

முதலில் பஸ் நிறுத்தம். அங்கே நின்ற பெண்களிடம், "ஓசி பஸ்ஸு வுட்டதுலேர்ந்து பொம்பளைங்க வூட்ல தங்கறதே இல்ல. பண்பாடு கெட்டுப் பூட்ச்சி. எனக்கு ஓட்டுப் போடுங்க" என்றார். பஸ் வந்தது. முந்திக்கொண்டு ஏறி ஜன்னலோர சீட்டைப் பிடித்தவர் அவருடைய மனைவி.

அடுத்து ஏரிக்கரை. நூறு நாள் வேலையில் மண் அள்ளிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "கவர்மெண்டு காசுல சோம்பேறி ஆயிட்டீங்க. அந்தக் காலத்துல இப்டியா?" என்றார்.

காலனியில் அற்புதம் அக்கா சொன்னால் மறுபேச்சில்லை. அக்கா மண்வெட்டியைக் கீழே வைத்தது. "செரிங்கய்யா, நாளைக்கு உங்க கயினிக்கே நடவுக்கு வர்றோம். இன்னா கூலி குடுப்பீங்க?"

அவர் ஒரு தொகை சொன்னார்.

"அது எங்கம்மா வாங்கின கூலிங்கய்யா."

கரை முழுக்கச் சிரிப்பு. அவர் அந்தக் காலம் அந்தக் காலம் என்று சொன்னதில் முக்கால்வாசி மலிவுக் கூலிதான் என்று எனக்கே அன்றுதான் உறைத்தது.

காலனிக்கும் போனோம். போனோம் என்றால் தெருமுனை வரைக்கும். ஆட்டோவை விட்டு அவர் இறங்கவே இல்லை. "உள்ள போலாங்க" என்றேன். "மைக்கு கேக்குதில்ல, போதும்" என்றார். மைக் நன்றாகத்தான் கேட்டது. ஓட்டு எண்ணினார்கள்; படுதோல்வி.

மறுநாள் காலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று காலனித் தெருவுக்குள் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அற்புதம் அக்கா வீட்டு வாசலில் நின்று, "ஏன் எனக்குப் போடல? நான் இன்னா திருடனா?" என்று கத்தினார். பாதியிலேயே தொண்டை கட்டிக்கொண்டது.

அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, சொம்பில் தண்ணீர் நீட்டியது. சொம்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாங்கி மடமடவென்று குடித்தார்.

"திருடன்னு யாருங்கய்யா சொன்னது? ஓட்டு கேக்க உள்ள வர்லியே நீங்க. சண்ட போடத்தான வந்துகீறீங்க."

அவர் காலிச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில், "இன்னும் கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார்.

அந்த மனுஷனை எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.