தாய்ச்செடி மாறிவிட்டது

அச்சு அசல்காரர்கள் என்று மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். குழந்தை பிறந்த மறுநிமிடமே தொட்டிலுக்குள் தலையை விட்டு, "மூக்கு என்னோடதுதானே?" என்று நர்ஸிடம் வாக்குமூலம் வாங்குகிறவர், முப்பது வருஷமாக ஒரே நாற்காலியில், ஒரே கோப்பையில் காப்பி குடிக்கிறவர், கோப்பை விரிசல் விட்டால் ஒழுகுகிற இடத்தை விரலால் அடைத்துக்கொண்டு குடிக்கிறவர். மாற்றமாட்டார்.

அப்படிப்பட்டவர் கையில் ஒரு டிஷ்யூ கல்ச்சர் லேப் கிடைத்தால் கேட்கவேண்டுமா? நம்மவருக்குக் கிடைத்தது. நல்ல ஸ்ட்ராபெரிச் செடியின் கொடிநுனியைக் கடுகளவு கிள்ளி, பாட்டிலுக்குள் ஜெல்லிமேல் உட்காரவைத்தால் கொத்தாகத் துளிர்க்கும். கொத்தைப் பிரித்துப் பத்துப் பாட்டிலில் வைத்தால் பத்தும் கொத்தாகும். அத்தனையும் தாய்ச்செடியை உரித்து வைத்திருக்கும். எட்டுத் தடவைக்கு மேல் பிரித்தால் மட்டும் செடிக்குப் புத்தி பேதலித்துவிடலாம். அதற்குள் தாய்ச்செடியிடம் திரும்பிப்போய்ப் புதிதாக நுனி கிள்ளவேண்டும். இந்த விதியை எழுதிச் சுவரில் மாட்டியதே நம்மவர்தான்.

மாட்டினார், சரி. படித்தாரா?

மாதாமாதம் பிரிக்கிற நாளில், எந்தப் பாட்டில் கொழுகொழுவென்று நிற்கிறதோ அதையே தூக்குவார். "இதான் என் பிள்ளை! சுறுசுறுப்பைப் பாத்தியா?"

லேபில் வேலை பார்க்கும் மகள் முகமூடிக்குள்ளிருந்து சொல்லிப் பார்த்தாள்: "அப்பா, இது பதினாலாவது தடவை. இது மட்டும் இவ்வளவு வேகமா வளருதுன்னா எங்கயோ தப்பு இருக்கு. மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம்ப்பா."

"எனக்குக் கண்ணு இல்லையா? மொதல்ல நீ வலதுகையால எழுதப் பழகு. நம்ம வம்சத்துலயே இந்த வழக்கம் கிடையாது."

அந்தப் பாட்டிலின் வாரிசுகள் பன்னிரண்டாயிரம், மறுவாரம் ஒரு தோட்டக்காரம்மாவின் நிலத்துக்குப் போகவேண்டும். அவருக்கு இருப்பதே அந்த ஒரு நிலம்தான். அதனால் லேப் கொல்லையில் முன்கூட்டியே நட்டுவைத்த நாற்பது மாதிரிச் செடிகளைப் பார்க்க நேரிலேயே வந்துவிட்டார். செடியா அது? புதர். இலைமேல் இலை, பூமேல் பூ, பழம் மட்டும் பட்டாணியளவு. மகள் சத்தமில்லாமல் தாய்ச்செடித் தொட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். நாலே பழம், ஒவ்வொன்றும் கோழிமுட்டை.

"என்னங்க இது, அம்மா ஜாடை ஒண்ணுலகூட இல்லையே?" என்றார் தோட்டக்காரம்மா.

நம்மவர் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். ஒரு கணம் முகம் வெளிறியது, பாவமாகத்தான் இருந்தது. மறுகணமே தெளிந்துவிட்டார்.

"தாய்ச்செடி மாறிடுச்சு. வயசாச்சுல்ல? இதுங்க நாப்பதும் ஒரே மாதிரி நிக்குது, அது மட்டும்தான் தனி. தூக்கிக் குப்பைல போடும்மா."

மகள் தூக்கினாள், இடதுகையால்தான். குப்பைத்தொட்டியைத் தாண்டி வாசலுக்குப் போய், கிளம்பிக்கொண்டிருந்த தோட்டக்காரம்மாவிடம் நீட்டினாள். "பத்திரமா வச்சிருங்க. நுனி நேத்தே கிள்ளிட்டேன். நாற்று வர ஒரு பருவம் தள்ளும்."

"தள்ளட்டும் கண்ணு. பட்டாணி பறிக்க நான் எதுக்கு ஸ்ட்ராபெரி போடணும்?"

உள்ளே நம்மவர் கொழுத்த பாட்டிலில் 'தாய்' என்று புதுச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. சிரித்து முடித்ததும் உங்கள் கல்யாணப் படத்தை எடுத்துக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, இரண்டையும் ஒத்துப்பாருங்கள். 'அன்னிக்குப் படம் எடுத்தவனுக்குத் தொழிலே தெரியலை' என்று வாய் முணுமுணுத்தால், பதினாலாவது பாட்டில் நீங்கள்தான்.