வைக்கலுக்குள் இருக்கும் கார் பற்றி மச்சானுக்கு

மண்டூர்,
08.09.2002

மதிப்பும் அன்பும் நிறைந்த வினாயகமூர்த்தி மச்சானுக்கு கனகசிங்கம் எழுதிக்கொள்வது. மண்டூர் முருகன் கிருபையால் நானும் உங்கள் தங்கச்சி இலட்சுமிப்பிள்ளையும் நிறைமாதமாக இருக்கும் எங்கள் மகள், உங்கள் மருமகள் பூரணியும் சுகம். கொழும்பில் நீங்களும் வீட்டாரும் சுகமென்று நம்புகிறோம். நீங்கள் தந்த கார் மட்டும் வைக்கல் குவியலுக்குள் இருக்கிறது. அதற்கு விளக்கம் சொல்லத்தான் இந்தக் கடிதம். கோபிக்காமல் கடைசிவரை வாசிக்கவும்.

கார் இன்னும் உங்கள் பெயரில் இருப்பதால் காரைச் செய்த கம்பனிக்காரர் உங்களுக்கு அனுப்பிய கடிதத்தை, "உடனே கவனிக்கவும்" என்று மேலே எழுதி எனக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தீர்கள். உடனே கவனித்தேன், அதுதான் பிழையாகப் போய்விட்டது. கடிதம் இங்கிலிசில். எனக்குத் தெரிந்தது நெல்லுக் களஞ்சியத்தில் சாக்கு எண்ணின இங்கிலிசு மட்டும். ஆகவே வல்லிபுரம் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் முப்பது வருஷம் கோட்டுக் கட்டளை கொண்டுபோய்க் கொடுத்த மனிசன். கலியாணக் கடிதம் வந்தாலும் பிடியாணை மாதிரித்தான் வாசிப்பார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்து, வாகனத்தைப் பதிவுப் புத்தகத்தோடு கொண்டுவந்து ஒப்படைக்கட்டாம், இரண்டு நாளில் திருப்பித் தருவார்களாம் என்றார். மச்சான், இரண்டு நாள் என்றதும் எனக்குப் பழைய கதைதான் நினைவுக்கு வந்தது. தொண்ணூறாம் ஆண்டு என் உழவு இயந்திரத்தை இரண்டு நாளில் தருகிறோம் என்றுதான் கொண்டுபோனார்கள். கொண்டுபோனது யாரென்று கடிதத்தில் எழுதத் தேவையில்லை. அவர்கள் தந்த பற்றுச்சீட்டுத் துண்டு இன்னும் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. இப்போது சமாதானம் பேசுகிற காலமாயிற்றே, காரைச் செய்தவனே அதை ஏன் பறிக்கிறான் என்று நான் யோசிக்கவில்லை. இந்த ஊரில் வேறு யாரும்கூட யோசித்திருக்க மாட்டார்கள்.

அன்று பின்னேரமே காரை வளவின் பின்பக்கம் தள்ளிக்கொண்டுபோய், சில்லு நாலையும் கழற்றி, மேலே வைக்கலை ஏற்றிவிட்டேன். ஸ்பெயார் சில்லு இல்லாத கார் என்பது உங்களுக்கே தெரியும். நாலு சில்லையும் ஒரே இடத்தில் வைக்கிறவன் மடையன். ஆகவே எங்கள் வட்டையில், நெல் வெட்டு முடிந்து காய்ந்து கிடந்த வயலில், நாலு மூலையில் நாலையும் புதைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தடி நட்டேன். இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். உங்கள் தங்கச்சிக்கும் சொல்லவில்லை, அவள் கேட்கவுமில்லை. சில்லுக் கழற்றினதை அவள் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததைப் பிறகுதான் அறிந்தேன்.

இப்படி மூன்று கிழமை போனது. முந்தநாள் கல்லாற்றிலிருந்து மெக்கானிக் றோய் வந்தான். நல்ல பிள்ளை, வேதக்காரப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், இங்கிலிசு தண்ணி மாதிரி. கடிதத்தை வாசித்துவிட்டு நிலத்தில் குந்தியிருந்து சிரித்தான். காரை யாரும் பறிக்கக் கேட்கவில்லையாம். ஸ்ரியறிங்கையும் முன் சில்லையும் பொருத்துகிற ஒரு ஆணி செய்யும்போதே பழுதாம். அது உடைந்தால், வளையத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் தன்பாட்டுக்குப் போகுமாம். கம்பனியே சும்மா மாற்றித் தருமாம். இவ்வளவு நாளும் நீங்க ஓட்டினதும் அப்படித்தானே என்றாள் உங்கள் தங்கச்சி.

இனித்தான் மச்சான் விஷயம். இம்மாதம் பதினேழு, பதினெட்டு இரண்டு நாளும் மட்டக்களப்பு டவுனில் ஒரு கராஜில் இந்த வேலையைச் செய்கிறார்கள். பூரணிக்கு டொக்டர் சொன்ன நாள் இருபத்தைந்து. நாலு வருஷத்துக்கு முந்தி வாகனம் கிடைக்காமல் அவளை மாட்டு வண்டியில் ஏற்றி, ஆறு கடத்துகிற மிதவைப் பாதையடிக்குப் போய்ச் சேர நேரமாகி, முதல் பிள்ளை எங்களுக்கு இல்லாமல் போனது உங்களுக்குத் தெரியும். அதற்காகத்தானே அந்தக் காரையே தந்தீர்கள். ஆணி பழுதான காரில் அவளை ஏற்றவும் பயம், காரைக் கையைவிட்டுக் கொடுக்கவும் பயம். வல்லிபுரம் அண்ணன் கொடுக்க வேண்டாம் என்கிறார். கோயிலில் கேட்கலாமென்று போனால், பூசகர் ஐயா மண்டூர் வழக்கப்படி வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசையில் நிற்கிறார். மருமகன் கட்டாரிலிருந்து போனில் ஓமென்றும் சொல்கிறார், வேண்டாமென்றும் சொல்கிறார். கடைசியில் பூரணிதான் சொன்னாள்.

"அப்பா, எடுக்கிற எல்லாரும் திருப்பித் தராத ஆக்களில்ல. ஒருக்கா நம்பிக் குடுத்துப் பாருங்க."

அவள் சொன்னபிறகு எனக்கு மனம் தெளிந்துவிட்டது. பதினேழாம் திகதி நானே கொண்டுபோகிறேன். நாளைக் காலையில் சில்லைத் தோண்டிப் பூட்டினால் அரை மணித்தியால வேலை. கார் உங்கள் பெயரில் இருப்பதால் சம்மதக் கடிதம் ஒன்றில் கையெழுத்து வைத்து உடனே அனுப்பவும். இனிப் பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் ஒழுங்கு. வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு எங்கள் ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
எப்போதும் யோசித்து நடக்கும் உங்கள் மச்சான்,
க. கனகசிங்கம்

பி.கு: 10.09.2002. கடிதத்தை ஒட்ட முன்னம் நேற்று விடியவே பூரணிக்கு நோவு கண்டுவிட்டது. மண்வெட்டியோடு வட்டைக்கு ஓடினேன். அங்கே கூலிக்கு உழும் அசனார் இரவே தொடங்கித் தன் உழவு இயந்திரத்தால் புழுதி உழவு அடித்து முடித்திருந்தார். போன கிழமை உழச் சொல்லிவிட்டு மறந்ததும் நான்தான். ஒரு தடியும் இல்லை. கண்டபடி கொத்தி மூன்று சில்லு எடுத்தேன், நாலாவதைக் காணவில்லை. நான் அழுதுவிட்டேன் மச்சான், மறைக்கவில்லை. அசனார் கலப்பையைக் கழற்றி எறிந்துவிட்டுப் இழுவைப் பெட்டியைக் கொழுவி, அதில் மெத்தை போட்டு, பூரணியைப் பாதையடிக்குக் கொண்டுபோனார். மிதவைப் பாதை எங்களுக்காக அக்கரைக்குப் போகாமல் நின்றது. களுவாஞ்சிக்குடி ஆசுபத்திரியில் பெண் பிள்ளை, நல்ல நிறை, தாயும் சுகம்.

பூரணியின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஒருத்தரும் பறிக்க வரயில்ல அப்பா. நீங்கதான் என்ட காரப் பறிச்சது," என்றாள். சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

மாரி விதைப்புக்குப் பிறகு நெல் எங்கே முளைக்கவில்லையோ அங்கே தோண்டச் சொல்கிறார் வல்லிபுரம் அண்ணன். பதினேழாம் திகதிக்கு அது சரிவராது. ஆகவே கையெழுத்தோடு ஒரு சில்லும் அனுப்பவும். பேத்தி நாற்பத்தோராம் நாள் கோயிலுக்கு அந்தக் காரில்தான் போகிறாள்.