கடை முட்டையில் தேடிய இதயம்

கருவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள் நான். ஆனால் முட்டையைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பதை ஐந்து பேர் முன்னால் நிரூபித்த பிறகுதான் அதை வாங்கினேன்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையோரக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். கோழிக் கருவில் எந்தச் செல்கள் இதயமாகின்றன என்பது தலைப்பு. அடைவைத்த மூன்றாம் நாள் முட்டையை உடைத்தால் கடுகளவு இதயம் துடிக்க வேண்டும். அதை ஆய்வுக் குழுவுக்குக் காட்டினால்தான் என் பதிவு நிலைக்கும். இல்லையென்றால் திருநெல்வேலிக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். (அப்பா ஏற்கெனவே பி.எட். விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தார்.)

இருங்காட்டுக்கோட்டை மொத்தக் கடையில் ஓர் அட்டை முட்டை வாங்கி இன்குபேட்டரில் வைத்தேன். மூன்றாம் நாள் உடைத்தால் வெறும் மஞ்சள் கரு. அடுத்த அட்டையும் அப்படியே. வெப்பமானியைச் சந்தேகப்பட்டேன், கரண்ட்டைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் பழியைக் கன்டெய்னர் லாரிகள் மேல் போட்டேன். சாலை அதிர்வில் செல்கள் பிரிய மறுக்கின்றன என்று வரைபடத்தோடு பன்னிரண்டு பக்கம் எழுதினேன். (வெளிநாட்டிலிருந்து அழைப்பு வரும் என்றுகூட நம்பினேன், பாவி.)

அதைப் படித்துக் காட்டியபோது குழுவும் தலையாட்டிக்கொண்டுதான் கேட்டது. அப்போது டீ கொண்டுவந்த ஆய்வக உதவியாளர் முனுசாமி அண்ணன், மேஜை மேலிருந்த முட்டை அட்டையைப் பார்த்துவிட்டார்.

“இன்னாம்மா, கடை முட்டையா வச்சிகினு கீற?”

“ஆமாண்ணே.”

“அதுல எப்டிம்மா குஞ்சு வரும்? பண்ணையில சேவலே கெடையாதே.”

ஒருவர் டீயைத் துப்பினார். முட்டை எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டிராத என் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. குழு சிரித்து முடித்து, போனால் போகிறதென்று ஒரு வாரம் தவணை கொடுத்தது.

மறுநாள் காலை அண்ணன் வல்லக்கோட்டையிலிருந்து மொபெட்டில் வந்தார். தவிட்டுக்குள் புதைத்த ஒரு டஜன் நாட்டுக்கோழி முட்டை. “எங்க வூட்டு முட்டைம்மா. சேவலு கீது, பயப்படாத.”

மூன்றாம் நாள் முதல் முட்டையிலேயே அந்தச் சிவப்புப் புள்ளி துடித்தது. அண்ணனும் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. “அடிச்சிகினு கீதும்மா” என்றபோது அவர் குரலே மாறியிருந்தது. இன்றைக்கு என் ஆய்வகத்தில் எத்தனையோ பெரிய கருவிகள் இருக்கின்றன. அந்தக் காலை வேளைக்குத்தான் மனம் ஏங்குகிறது.

பதிவு நிலைத்தது, பட்டமும் வந்தது. பிறகு நடந்த என் கல்யாணத்துக்கு அண்ணன் பஸ் பிடித்துத் திருநெல்வேலி வந்தார். மேடையேறி, கால் கட்டிய சேவல் ஒன்றை மாப்பிள்ளை கையில் கொடுத்தார்.

“பாப்பாவுக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். நீங்கதான் பாத்துக்கணும்.”

மண்டபமே சிரித்தது. கையில் சேவலோடு மாப்பிள்ளை விழித்து நிற்கும் அந்தக் கல்யாணப் படம் இப்போது எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. யார் வந்து கேட்டாலும் என்னை வாய் திறக்க விடாமல் கணவரே கதை சொல்கிறார், லாரி வரைபடம் உட்பட.