பெரியவர் முகத்தை மறைத்த மரச்சட்டம்

தவறே நடக்க முடியாத ஏற்பாடு ஒன்று தன்னிடம் இருப்பதாக யாராவது சொன்னால், நான் மெதுவாக அங்கிருந்து நகர்ந்துவிடுவேன். ஒரு காலத்தில் அப்படிச் சொல்லித் திரிந்தவன் நான்தான்.

மதுரையில் ஒரு நாளிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்த என்னை, சீசனுக்கு ஆள் போதவில்லை என்று அப்பா சிவகாசிக்கு அழைத்துக்கொண்டார். எங்களுடையது சின்னக் காலண்டர் கம்பெனி. படம் அச்சிட்ட அட்டையின் கீழ்ப்பாதியில் தேதித்தாள்களின் கட்டை வைத்துக் கம்பிப் பின் அடிப்பதுதான் கடைசி வேலை. வேலைக்கு வரும் பெண்கள் கண்ணளவிலேயே அடிப்பார்கள். எப்போதாவது ஒரு கட்டு கோணலாக உட்காரும். அச்சில் வந்துவிட்ட ஒற்றுப்பிழையைப் பார்த்ததுபோல எனக்கு எரியும். (அவ்வளவு சிரத்தை. வேறு வேலையும் இல்லை.)

அந்த நேரம் பார்த்துத் தாயில்பட்டியிலிருந்து ஓர் ஆர்டர். கொடுத்தவர் ஒரு பட்டாசு ஆலை முதலாளி. அவருடைய மகள் செல்வியைத்தான் எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு இன்னும் முடியவில்லை. ஆலையைத் தொடங்கிய தன் அப்பாவின் படத்தைப் போட்டுப் பெரிய அட்டையில் காலண்டர் கேட்டிருந்தார். "பையன் எப்படி வேலை பாக்காருன்னு இதுல தெரிஞ்சுரும்ல" என்றாராம்.

தச்சரிடம் ஒரு மரச்சட்டம் செய்து வாங்கினேன். தலைப்பக்கம் ஓர் ஆணி. அட்டையைத் தொங்கவிடும் ஓட்டையை அதில் மாட்ட வேண்டும். கீழே, கட்டின் அளவுக்கு ஒரு திறப்பு. அதற்குள் கட்டை வைத்து அடித்தால் கோணல் என்ற பேச்சே கிடையாது. கண்ணும் வேண்டாம், மூளையும் வேண்டாம் என்று பெண்களுக்குச் சொற்பொழிவே ஆற்றினேன்.

அளவுக்காகத் தச்சரிடம் கொடுத்தது, ஆபீஸ் சுவரில் தொங்கிய காலண்டர். அது சின்ன சைஸ். அதை மட்டும் நான் கவனிக்கவில்லை.

வேலை தொடங்கியதும், பின் அடிப்பவர்களில் ஒருவரான முத்துமாரி அக்கா கேட்டார்: "தம்பி, இந்தத் தொறப்புல பெரியவரு மீசை தெரியுது. இங்கனயா அடிக்கணும்?"

"ஆணியில மாட்டுச்சா?"

"மாட்டுச்சு."

"அப்பச் சரிதான். யோசிக்காதீங்கக்கா."

"கேட்டீகளா," என்றார் அவர் பக்கத்திலிருந்தவரிடம், "யோசிக்காம இருக்கதுதான் இன்னைக்கு வேலை."

சாயங்காலம் முதல் லோடை எடுக்க வருங்கால மாமனாரே வந்துவிட்டார். ஒரு காலண்டரை எடுத்துப் பார்த்தார். இன்னொன்று. அடுக்கின் அடியிலிருந்து உருவி இன்னொன்று. எல்லாவற்றிலும் அடிப்பகுதி வெறுமையாக இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஜனவரி ஒன்று.

"தம்பி, எங்க அப்பாரு எங்க?"

நான் வாயைத் திறக்கும் முன் முத்துமாரி அக்கா, "உள்ளதான் இருக்காக" என்றார்.

"டிசம்பர் முடிஞ்சாத்தான் வெளிய வருவாகளோ?" என்றார் மாமனார்.

ஏதாவது பேச வேண்டுமே என்று, "ஒண்ணுகூடக் கோணல் இல்ல மாமா" என்றேன். (இதைச் சொன்ன வாய் என்னுடையதுதான் என்று இன்றும் நம்ப முடியவில்லை.)

அவர் வேனில் ஏறிப் போனார். அப்பா அட்டைகளை மறுபடி அச்சிட்டார். இந்த முறை பெண்கள் கண்ணளவில் அடித்தார்கள். சம்பந்தம் போயிற்று என்றே எல்லோரும் நினைத்தோம். ஆனால் நடந்ததைக் கேட்ட செல்வி ஒரு நாள் முழுக்கச் சிரித்துவிட்டு, இந்த ஆளையே பேசி முடியுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

கல்யாண வீடியோவில் நான் தாலியைக் கையில் எடுக்கிறேன். செல்வி தலை குனிந்திருக்கிறாள். பின்னாலிருந்து மாமனாரின் குரல்: "மாப்ள, மொகம் தெரியுதான்னு பாத்துட்டுக் கட்டுங்க."

நாதஸ்வரக்காரர் சிரிப்பில் வாசிப்பை விட்டுவிடுகிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் எங்கள் பிள்ளைகள் இந்த இடத்தைப் போட்டுக் காட்டுகிறார்கள். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடியும் காட்டுகிறார்கள். ஏனென்றால் நான் உண்மையிலேயே குனிந்து, செல்வியின் முகத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் கட்டியிருக்கிறேன்.